130 டாலர் நாயகன்



சூப்பர் ஹீரோ காமிக்ஸின் கதையை ஒரு காசோலையிலிருந்து தொடங்குவதுதான் முறை. தேதி 1938 மார்ச் 1. தொகை 412 டாலர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களுக்கு நியூயார்க்கின் ஒரு பத்திரிகைக் கம்பெனி எழுதித் தந்தது. பல வேலைகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அதில் ஒரு வரி 130 டாலர், பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கக் கதைக்கு. கதையின் பெயர் சூப்பர்மேன். அந்த 130 டாலரோடு கதாபாத்திரத்தின் மீதான சகல உரிமையும் கம்பெனிக்குப் போய்விட்டது. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இருவரின் பெயரையும் காசோலையில் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். தப்பான பெயரில் ஒரு கையெழுத்து, சரியான பெயரில் ஒரு கையெழுத்து என்று பின்பக்கத்தில் இரண்டிரண்டு முறை போட வேண்டியதாயிற்று. 2012-இல் அந்தக் காகிதம் மட்டும் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது.

சூப்பர் ஹீரோக்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார்கள்: இவை நவீன காலத்துப் புராணங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புராணத்துக்கு முதலாளி கிடையாது. ராமன் கதையைக் கம்பர் தம் போக்கில் பாடினார். தோல்பாவைக்கூத்துக் கலைஞர் தம் போக்கில் ஆட்டினார். யாரும் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. சூப்பர்மேனோ பிறந்த அன்றே விற்கப்பட்ட குழந்தை. இந்த நாயகன் யாருக்குச் சொந்தம்? படைத்தவனுக்கா, பதிப்பாளனுக்கா, தணிக்கையாளனுக்கா, பத்துக் காசு கொடுத்துப் படிக்கிற பையனுக்கா? இந்தச் சண்டை கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. சூப்பர் ஹீரோ காமிக்ஸின் பண்பாட்டு முக்கியத்துவத்தை அவர்களின் பறக்கும் சக்தியில் தேடுவதைவிட இந்தச் சண்டையில் தேடினால் அதிகம் கிடைக்கும்.

சீகலும் ஷூஸ்டரும் 1914-இல் பிறந்தவர்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிளீவ்லாந்தின் கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் நண்பர்களானார்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். 1932-இல் சீகலின் அப்பா வைத்திருந்த துணிக்கடையில் திருட்டு நடந்தது. அந்த அதிர்ச்சியிலேயே மாரடைப்பு வந்து அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அந்த மகன் சூப்பர்மேன் என்ற பெயரில் முதல் கதையை எழுதினான். அதில் வருகிற சூப்பர்மேன் ஒரு வில்லன். அவனை நல்லவனாக்கித் திரும்ப எழுதிய பிறகும் நாளிதழ்களுக்குச் சித்திரத் தொடர் வழங்கும் நிறுவனங்கள் ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில், 1938 ஜூன் தேதியிட்டு, 10 சென்ட் விலையில் அவன் வெளியே வந்தான்.

அந்த முதல் இதழைப் புரட்டிப் பார்த்தால் இன்றைய ரசிகர் திகைத்துப்போவார். வேற்றுக்கிரகப் படையெடுப்பு இல்லை. உலகம் அழியப்போவதும் இல்லை. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் நிரபராதிப் பெண்ணைக் காப்பாற்ற நடுராத்திரியில் ஆளுநர் வீட்டு இரும்புக் கதவைப் பெயர்க்கிறான். மனைவியை அடிக்கிற ஒருவனைச் சுவரில் மோதுகிறான். நாட்டைப் போரில் இழுத்துவிட ஒரு செனட்டருடன் திட்டம் போடும் தரகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அப்போது அவனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும். மூன்றாம் இதழில் பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் அடைபட வைக்கிறான். எட்டாம் இதழில் சேரி வீடுகளை அவனே இடித்துத் தள்ளுகிறான். அரசாங்கம் வேறு வழியில்லாமல் புது வீடுகள் கட்டித் தருகிறது. பொருளாதார வீழ்ச்சியின் அமெரிக்காவில், வேலை இல்லாத அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இந்த ஆள் யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. கோபம் கொண்ட ஏழை வீட்டுப் பையன் மனசில் நினைப்பதையெல்லாம் கையால் செய்கிறவன்.

இந்தக் கோபக்காரன் வெகு நாள் இருக்கவில்லை. விற்பனை லட்சக்கணக்கில் ஏற ஏற, கம்பெனியின் கவனமும் ஏறியது. கொல்லக் கூடாது, முதலாளிகளை மிரட்டக் கூடாது, பொம்மை வியாபாரத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. சில ஆண்டுகளில் சூப்பர்மேன் ஊருக்கு நல்ல பிள்ளை ஆகிவிட்டான். முதல் முறை அவன் கைமாறியது காசோலையில்; இரண்டாம் முறை ஆசிரியரின் மேசையில்.

போர் வந்தபோது வேறு ஒரு விசித்திரம் நடந்தது. 1940 பிப்ரவரியில் ‘லுக்’ பத்திரிகை சூப்பர்மேன் போரை எப்படி முடிப்பான் என்று இரண்டு பக்கம் வரையச் சொன்னது. ஹிட்லரையும் ஸ்டாலினையும் பிடரியைப் பிடித்துத் தூக்கி வந்து ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறான். இரண்டு மாதத்துக்குள் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் வார இதழ், சீகலை யூதன் என்று பெயர் சொல்லி ஏசிக் கட்டுரை போட்டது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய கிளீவ்லாந்துக் கதாசிரியர் ஒருவருக்குப் பதில் சொல்ல ஒரு பேரரசின் ஏடு இடம் ஒதுக்கியது என்றால், குழந்தைகள் சமாச்சாரம் என்று யார் எதை ஒதுக்குவது?

அதே ஆண்டு டிசம்பரில் ‘கேப்டன் அமெரிக்கா’ முதல் இதழ் கடைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். அட்டைப்படத்தில் அமெரிக்கக் கொடியை உடுத்திய ஒருவன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட அப்போது இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. அமெரிக்கா போரில் இல்லை. போரே வேண்டாம் என்பவர்கள் ஏராளம். நியூயார்க்கிலேயே நாஜி ஆதரவாளர்கள் இருந்தார்கள். அலுவலகத்துக்கு மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. நகர மேயர் லா கார்டியாவே போன் செய்து போலீஸ் காவல் தருவதாகச் சொன்னார். கிர்பி காகிதத்தில் வரைந்ததோடு நிற்கவில்லை. 1944-இல் நார்மண்டி கரையில் சிப்பாயாக இறங்கினார். பனிக்கடியில் கால்களை இழக்கும் நிலைக்குப் போய்த் திரும்பினார். ஆனால் அவருடைய நாயகனும் அவருக்குச் சொந்தமில்லை. லாபத்தில் பங்கு என்ற வாக்குறுதி காற்றோடு போனதால் பத்து இதழ்களோடு இருவரும் வெளியேறிவிட்டார்கள்.

போர் முடிந்த கையோடு, 1946-இல், சூப்பர்மேன் வானொலித் தொடர் உள்நாட்டு எதிரி ஒருவனைத் தேர்ந்தெடுத்தது. சீன அமெரிக்கக் குடும்பம் ஒன்று புதிதாகக் குடிவருகிறது. முக்காடு போட்ட கும்பல் அவர்கள் வீட்டு முன் சிலுவையைக் கொளுத்துகிறது. கூ க்ளக்ஸ் கிளான் என்று பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கிளானின் ரகசியச் சொற்களை இந்தத் தொடர் அம்பலப்படுத்தி அதன் முதுகெலும்பை முறித்தது என்று ஒரு கதை உண்டு. அது ஊதிப் பெரிதாக்கப்பட்டது, நம்ப வேண்டாம். மாலை நேரத்தில் வானொலி முன் உட்கார்ந்த குழந்தைகளின் காதில் இனவெறி என்பது வில்லன்களின் வேலை என்று விழுந்ததே போதும். எழுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், சீன வம்சாவளி எழுத்தாளர் ஜீன் லுவென் யாங் அதே கதையை அந்தக் குடும்பத்துப் பெண்ணின் பக்கமிருந்து காமிக்ஸாகத் திரும்ப எழுதினார்.

அடுத்து வருகிற ஆள் ஒரு மருத்துவர். சூப்பர் ஹீரோ ரசிகர்கள் இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு உச்சரிக்கிற பெயர், ஃப்ரெட்ரிக் வெர்தாம். அவரைக் கோமாளியாக்கிக் காட்டுவது எளிது, நியாயம் அல்ல. நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மிகக் குறைந்த கட்டணத்தில் மனநலச் சிகிச்சையகம் நடத்தியவர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற முறை குழந்தைகளின் மனதைச் சிதைக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். அந்த வழக்கு, 1954-இல் பள்ளிப் பாகுபாட்டை ஒழித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் ஒன்று. அப்படிப்பட்டவர் அதே ஆண்டு காமிக்ஸ் எதிர்ப்பு நூலையும் வெளியிட்டார். காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் குற்றவாளி ஆகிறார்கள் என்பது அவர் வாதம். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருப்பது அவருக்கு உறுத்தியது. சூப்பர்மேனிடம் பாசிசம் தெரிந்தது. செனட் துணைக்குழுவின் முன், ஹிட்லரே இந்தக் காமிக்ஸ்காரர்களோடு ஒப்பிட்டால் கற்றுக்குட்டி என்ற பொருளில் பேசினார்.

ஏற்கெனவே பல ஊர்களில் பள்ளிக்கூட வளாகங்களில் காமிக்ஸ்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் சட்டம் போடுவதற்குள் பதிப்பாளர்கள் முந்திக்கொண்டு தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை வைத்துக்கொண்டார்கள். அதுதான் 1954 அக்டோபரில் வந்த காமிக்ஸ் கோடு. அதன் முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர் தொடமாட்டார். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி யாரையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. செனட்டரின் கூட்டாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய 1938-இன் சூப்பர்மேன் இந்த விதியின் கீழ் ஒரு பக்கம்கூடத் தேறியிருக்க மாட்டான்.

கோடு யாரைக் காப்பாற்றியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சூப்பர் ஹீரோ கதை அல்ல, அறிவியல் கதை. இ.சி. என்ற நிறுவனம் 1956-இல் ஒரு பழைய கதையை மறுபடி அச்சிட முனைந்தது. ஆரஞ்சு நிற ரோபோக்களும் நீல நிற ரோபோக்களும் பிரிந்து வாழும் கிரகத்தை ஒரு விண்வெளி அதிகாரி ஆய்வு செய்கிறார்; இவர்கள் இன்னும் தேறவில்லை என்று அறிக்கை எழுதுகிறார்; கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றினால் அவர் கறுப்பர். கோடு நிர்வாகி அந்த முகத்தை மாற்றச் சொன்னார். பத்திரிகைக்காரர்களிடம் போவேன் என்று பதிப்பாளர் மிரட்டியதும்தான் கதை அப்படியே வெளிவந்தது. வெர்தாமின் கதையிலும் பின்குறிப்பு உண்டு. அவருடைய காகிதங்கள் 2010-இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றைப் பார்த்த கேரல் டில்லி என்ற பேராசிரியர், வெர்தாம் குழந்தைகளின் வாக்குமூலங்களைக் கலந்தும் மாற்றியும் பயன்படுத்தியிருக்கிறார் என்று 2012-இல் எழுதினார். நல்ல நோக்கத்தோடு செய்த பொய்க்குத் தண்டனை அனுபவித்தது ஒரு தலைமுறை ஓவியர்கள்.

கோட்டின் நிழலில் முதலில் துணிந்தது மார்வெல் நிறுவனம். 1961-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’, 1962-இல் ஸ்பைடர்மேன், 1963-இல் எக்ஸ்-மென். வாடகை கட்ட முடியாமல் தவிக்கிற, ஜலதோஷம் பிடிக்கிற, தங்களுக்குள் சண்டை போடுகிற நாயகர்கள். இதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று, இதழின் பின்பக்கத்து வாசகர் கடிதங்கள். படிக்கிறவனின் பெயர் அங்கே அச்சானது, கேள்விக்குப் பதில் வந்தது, பிழை கண்டுபிடித்தவனுக்குப் பாராட்டு கிடைத்தது. நாயகன் மீது வாசகன் பட்டா கேட்கத் தொடங்கியது அங்கேதான்.

1966 ஜூலை இதழில் மார்வெலின் ஸ்டான் லீயும் கிர்பியும் பிளாக் பேந்தரைக் கொண்டுவந்தார்கள். யாராலும் அடிமைப்படுத்தப்படாத, வெள்ளையரைவிடத் தொழில்நுட்பத்தில் முன்னேறிய ஓர் ஆப்பிரிக்க நாட்டின் அரசன். அக்டோபரில் ஓக்லாந்தில் பிளாக் பேந்தர் கட்சி தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் மார்வெல் கொஞ்சம் பயந்தது. 1972-இல் ஒரு கதையில் நாயகனுக்குக் கறுஞ்சிறுத்தைக்குப் பதில் வேறொரு சிறுத்தையின் பெயர் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 1970-இல் டென்னிஸ் ஓ’நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த ‘கிரீன் லேண்டர்ன்’ கதையில் வயதான கறுப்பர் ஒருவர் நாயகனை நிறுத்தி, நீலத் தோல்காரர்களுக்கும் ஆரஞ்சுத் தோல்காரர்களுக்கும் உதவினாயே, கறுத்த தோல்காரர்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறார். பிரபஞ்சத்தையே காவல் காக்கிறவன் தலைகுனிந்து நிற்கிறான். அடுத்த ஆண்டு அமெரிக்க சுகாதாரத் துறையே கேட்டுக்கொண்டதற்காக ஸ்பைடர்மேனில் போதைப்பொருளுக்கு எதிராகக் கதை எழுதினார் லீ. போதை என்ற விஷயமே கூடாது என்று கோடு முத்திரை மறுத்தது. மூன்று இதழ்கள் முத்திரை இல்லாமலே வந்தன, வானம் இடிந்து விழவில்லை. அந்த ஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. கோடு அதன் பிறகும் நாற்பது ஆண்டு உயிரோடு இருந்து 2011-இல் செத்தது. அழுவதற்கு ஆள் இல்லை.

பெண்கள் கேட்ட பட்டாவும் உண்டு. வொண்டர் வுமனை 1941-இல் உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையில் முன்னோடி; நாயகியின் கையில் இருக்கிற கயிறு உண்மையைக் கக்க வைப்பது தற்செயல் அல்ல. 1968-இல் அவளை வெளியிட்ட கம்பெனி அவள் சக்தியைப் பறித்து, துணிக்கடை வைக்கச் செய்தது. க்ளோரியா ஸ்டைனம் உள்ளிட்ட பெண்ணியவாதிகள் கொதித்தார்கள். 1972 ஜூலையில் அவர்களின் ‘மிஸ்’ பத்திரிகை பழைய உடையோடு பழைய வொண்டர் வுமனை அட்டையில் போட்டு ஜனாதிபதி பதவிக்கு முன்மொழிந்தது. அடுத்த ஆண்டு சக்தி திரும்பி வந்தது. 2014-இல் ஜெர்ஸி சிட்டியின் பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண் கமலா கான் ‘மிஸ் மார்வெல்’ ஆனாள். 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாமிய வெறுப்பு விளம்பரங்கள் ஓடியபோது, யாரோ அவற்றின் மேல் கமலாவின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். எந்தக் கம்பெனியிடமும் அனுமதி கேட்கவில்லை. ராமன் கதையைப் போல ஒரு சூப்பர் ஹீரோ பொதுச் சொத்தானது அந்த ஒரு நாள்தான் என்று சொன்னாலும் தகும்.

இனி சீகலிடம் திரும்ப வேண்டும், ஏனென்றால் அவர் வழியாக இந்தக் கதை சிவகாசிக்கு வருகிறது. 1947-இல் சீகலும் ஷூஸ்டரும் சூப்பர்மேன் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சுமார் 94,000 டாலரோடு வழக்கு முடிந்தது. இதழிலிருந்து அவர்கள் பெயரும் முடிந்தது. பிறகு அதே கம்பெனியில் பெயர் போடாமல் சூப்பர்மேன் கதைகளைக் கூலிக்கு எழுதினார் சீகல். 1960-களின் நடுவில் மறுபடி உரிமை கேட்டதும் அந்தக் கூலியும் நின்றது. வேலை தேடியவருக்குக் கடல் தாண்டி பிரிட்டனின் ‘லயன்’ வார இதழ் இடம் கொடுத்தது. அங்கே டெட் கோவன் எழுதி ரெக் பன் வரைந்துகொண்டிருந்த ‘தி ஸ்பைடர்’ தொடரை 1966 முதல் சீகல் ஏற்றார். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகத் துடிக்கும் ஒரு கர்வக்காரன், மெல்ல மெல்லக் குற்றவாளிகளுக்கு எதிரி ஆகிறான். 1933-இல் தம் வில்லன் சூப்பர்மேனை நல்லவனாக்கிய அதே கை.

அந்த ஸ்பைடர்தான் 1980-களில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் தமிழ் பேசினான். 1972-இல் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி கிளப்பிய பரபரப்புக்குப் பிறகு, தமிழ்ச் சிறுவர்களை அப்படி ஆட்டிவைத்தவன் ஸ்பைடர்தான். வலைத் துப்பாக்கியையும் கூர்க் காதையும் பள்ளி நோட்டில் வரையாத பையன் அபூர்வம். பிரிட்டனின் அந்த வார இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடுவதில்லை. ஆகவே தமிழிலும் அது வரவில்லை. சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தைத்தான் படிக்கிறோம் என்று அறியாமலே ஒரு தலைமுறை தமிழ் வாசகர்கள் அவருக்கு ரசிகர்களாக இருந்தார்கள்.

1975-இல் சீகல் லாஸ் ஏஞ்சலஸில் குமாஸ்தாவாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஷூஸ்டருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, தம்பியோடு இருந்தார். சூப்பர்மேன் திரைப்படத்துக்குப் பெரும் பணம் புரளப்போகிறது என்ற செய்தி வந்ததும் சீகல் பத்திரிகைகளுக்கு நீண்ட, கசப்பான அறிக்கை ஒன்றை அனுப்பினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் சக ஓவியர்களைத் திரட்டினார்கள். ஆண்டு இறுதியில் கம்பெனி இறங்கி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம், ஒவ்வொரு கதையிலும் பெயர். பேட்மேனை பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1974-இல் இறந்தார், அதிகாரபூர்வமாகப் பெயர் போட்டது 2015-இல். கிர்பியின் வாரிசுகளோடு மார்வெல் சமரசம் செய்துகொண்டது 2014-இல், வழக்கை உச்ச நீதிமன்றம் பரிசீலிக்கச் சில நாட்களே இருந்தபோது. ‘வாட்ச்மென்’ எழுதிய ஆலன் மூரின் ஒப்பந்தத்தில், நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும் என்று இருந்தது. 1987 முதல் அந்த நூல் அச்சில் இல்லாமல் போகவே இல்லை. மூர் தம் பெயரை அதன் திரைப்படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். 2019-இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்’ வரிசைப் படம் வசூலித்தது சுமார் 280 கோடி டாலர்.

அமெரிக்கச் சட்டப்படி ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பதிப்புரிமை 95 ஆண்டுகளில் காலாவதியாகிறது. 2034 ஜனவரி 1 அன்று அந்த நாட்டில் அது பொதுவுடைமை. வணிக முத்திரைகள் கம்பெனியிடமே இருக்கும். பறப்பது, கிரிப்டோனைட் போன்று பின்னாளில் சேர்ந்தவை அவற்றுக்குரிய ஆண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்று பொதுமக்கள் கைக்கு வரப்போகிறவன் தாவ மட்டும் தெரிந்த, ஆளுநர் வீட்டுக் கதவைப் பெயர்த்த, 130 டாலருக்கு விற்கப்பட்ட பழைய சூப்பர்மேன்.